குழாயில் காவிரி, சாக்கடையில் தென்பெண்ணை

கோடை தொடங்கியதும் நாளிதழில் ஒரு வரி தவறாமல் வரும்: நகரின் ஒரு நாள் குடிநீர்த் தேவை இத்தனை லட்சம் லிட்டர், கிடைப்பது இத்தனை லட்சம் லிட்டர். படிக்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் எழத்தான் செய்யும். நம் வீட்டில் மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது, தண்ணீருக்குக் கிடையாது. பக்கத்து வீட்டிலும் இல்லை. தெருக்குழாயில் எத்தனை குடம் பிடித்தோம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பல வீடுகளில் போர் தண்ணீர் வேறு ஓடுகிறது. அப்படியிருக்க, ஊர் மொத்தமும் எவ்வளவு தண்ணீர் புழங்குகிறது என்று யாரால், எப்படிச் சொல்ல முடிகிறது?

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர், துணி அலசிய நீர் எல்லாம் சாக்கடையில் இறங்கி ஓடிவிடுகின்றன. ஓடியது எங்கோ ஓர் ஆற்றில் சேர்ந்தால், அந்த நீரைச் செலவு என்று எழுதுவதா, இல்லை கைமாறியது என்று எழுதுவதா? இந்த இரண்டாவது கேள்விக்கான விடையில் மாநிலங்களுக்கு இடையிலான வழக்குகளே அடங்கியிருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தில் நின்றுகொண்டு இரண்டையும் ஆராயலாம். அதற்கு அந்த ஊரை விடப் பொருத்தமான இடம் குறைவு.

தலைக்கு எத்தனை லிட்டர்?

மிக எளிய வழி, ஆட்களை எண்ணிப் பெருக்குவது. மத்திய அரசின் குடிநீர் வடிவமைப்புக் கையேடு இதற்கு அளவு வைத்திருக்கிறது: பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர், குழாய் இருந்தும் பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் 70 லிட்டர், தெருக்குழாயை மட்டும் நம்பியிருப்போருக்கு 40 லிட்டர். கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. 25,000 பேர் வாழும் ஒரு சிற்றூரைக் கணக்கின் வசதிக்காகக் கற்பனை செய்துகொள்வோம். 70 லிட்டர் வீதம் அந்த ஊருக்கு நாளொன்றுக்கு 17 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் தேவை. செய்தியில் வரும் எண்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவைதான். அவை அளந்து கண்டவை அல்ல, இவ்வளவு வேண்டும் என்று வைத்துக்கொண்ட அளவுகள்.

இந்த முறையின் பலவீனம் உடனே தெரியும். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகள் 2011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அதன் பிறகு ஊர் எவ்வளவு பெருத்தது என்பது ஊகம். திருவண்ணாமலையை நினைத்துப் பாருங்கள். பௌர்ணமி இரவில் கிரிவலம் வருவோரும் கார்த்திகை தீபத்துக்குத் திரளும் லட்சக்கணக்கானோரும் அந்த ஊரின் குடிமக்கள் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த இரவில் அவர்களும் தண்ணீர் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள்.

ஆகவே கணக்கிடுவோர் மறுமுனையிலிருந்தும் வருகிறார்கள். மோட்டார் மணிக்கு எவ்வளவு இறைக்கும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பெருக்குகிறார்கள். ஓடிய நேரம் தெரியாவிட்டால் மின்கட்டணத்திலிருந்து ஊகிக்கலாம். மேல்நிலைத் தொட்டி ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும், நாளுக்கு மூன்று முறை நிரம்பி வடிகிறது என்று தொட்டியைத் திறந்து மூடும் ஊழியர் சொன்னால், அது எந்தக் கையேட்டையும் விட நம்பகமான தகவல். ஆட்களை எண்ணி வந்த எண்ணும் தொட்டியை எண்ணி வந்த எண்ணும் நெருங்கி வந்தால் நிம்மதி. தொட்டிக் கணக்கு மிகப் பெரிதாக இருந்தால் வழியில் குழாய் ஒழுகுகிறது. மிகச் சிறிதாக இருந்தால் மக்கள் தங்கள் போரிலிருந்து இறைத்துக்கொள்கிறார்கள்.

எடுத்தது, திரும்பியது, இழந்தது

ஆற்றுக்கு வேண்டிய கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஊர் எடுத்த நீர் ஒன்று. புழங்கியபின் சாக்கடை வழியாகவோ மண்ணில் ஊறியோ மறுபடி ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் போவது இரண்டாவது. அதைத் திரும்பு நீர் என்போம். ஆவியாகவும், செடியின் மூச்சாகவும், நம் வியர்வையாகவும் காற்றில் கலந்து அந்த ஆற்றுக்கு இல்லாமல் போவது மூன்றாவது. இதை இழந்த நீர் என்போம். பொறியாளர்களின் வழக்கமான கணிப்பில், வீடுகளுக்குக் கொடுத்த நீரில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும், 20 விழுக்காடுதான் இழப்பு.

நம் 25,000 பேர் ஊர் நாளுக்கு 17.5 லட்சம் லிட்டர் எடுத்தாலும் உண்மையில் இழப்பது 3.5 லட்சம்தான். ஓர் ஏக்கர் நெல் வயலோடு இதை ஒப்பிடலாம். நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீர் வயலிலிருந்து ஆவியாகிறது என்று கொண்டால், ஓர் ஏக்கர் ஒரு நாளில் சுமார் 20,000 லிட்டரைக் காற்றுக்குக் கொடுக்கிறது. ஆக, 17 ஏக்கர் நெல் இழக்கும் நீரும் அந்த ஊர் முழுவதும் இழக்கும் நீரும் ஏறத்தாழச் சமம். இதைக் கேட்டு விவசாயியைக் குறை சொல்ல ஓடிவிடக் கூடாது. வயல் காற்றுக்குக் கொடுத்ததற்கு நெல் கிடைத்தது. ஊர் திருப்பிக் கொடுப்பதோ அழுக்காகத் திரும்புகிறது. அளவில் திரும்பிய நீரெல்லாம் பயன்படும் நீர் அல்ல. இந்த வேறுபாட்டைப் பல அறிக்கைகள் ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

இன்னும் பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. 80 விழுக்காடு திரும்புகிறது, சரி. எந்த ஆற்றுக்கு?

கணவாயில் பிரியும் மழை

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கத்துக்கு வரும் சாலை ஒரு கணவாயைக் கடக்கிறது. 1767-இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயரின் படையும் மோதிக்கொண்டது இந்தக் கணவாயில்தான். மேற்கே பாரமகால் என்று அன்று அழைக்கப்பட்ட பகுதிக்கும் கிழக்கே சமவெளிக்கும் இடையிலான வாசல் அது. தண்ணீருக்கும் இது எல்லை. கணவாய்க்கு மேற்கே விழும் மழை பாம்பாற்றில் சேர்ந்து, தென்பெண்ணையில் கலந்து, கடலூர் அருகே கடலைத் தொடுகிறது. கிழக்கே செங்கத்துப் பக்கம் விழுவது செய்யாற்றில் இறங்கி, காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்ந்து, சதுரங்கப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிறது.

ஓர் ஆற்றுக்கு மழை சேர்த்துக் கொடுக்கும் நிலப்பரப்பு முழுவதும் அதன் வடிநிலம். இரண்டு வடிநிலங்களைப் பிரிக்கும் மேட்டுக்கு நீர்ப்பிரிமேடு என்று பெயர். செங்கத்துக்குத் தெற்கே சில மைல் போனால் மறுபடி தென்பெண்ணையின் வடிநிலம், அங்கே 1958-இல் முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை. வடமேற்கே மலையடியில் செய்யாற்றின் மேல் குப்பநத்தம் அணை. சாத்தனூர் 7.3 டி.எம்.சி. பிடிக்கும், குப்பநத்தம் அதில் பத்தில் ஒரு பங்கான 0.7 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, நம் லிட்டர் கணக்கில் சுமார் 2,832 கோடி லிட்டர். பத்துப்பாட்டின் மலைபடுகடாம் பாடும் நன்னனின் நாடு இது. அந்தப் பாட்டிலேயே சேயாறு என்று இந்த ஆற்றின் பெயர் இருக்கிறது. அன்று முதல் ஆறு மாறவில்லை. குழாய்கள் வந்தபிறகு மாறியது, எந்த ஆற்றின் நீர் எந்த ஆற்றில் ஓடுகிறது என்பது.

நூறு லிட்டரின் பயணம்

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூருவின் கிழக்கு ஓரமாக வந்து, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மழை மாதங்களில் மட்டும் ஓட வேண்டிய ஆறு இது. ஆனால் ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைக்கு மழையில்லாத மாதங்களிலும் நீர் வருகிறது, பல சமயம் வெள்ளை நுரை மலையாய்க் குவிய வருகிறது. மழை பெய்யாத நாளில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது?

பெங்களூருவின் குழாய்களிலிருந்து. அந்த நகரம் ஒரு நீர்ப்பிரிமேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்குப் பகுதி விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கு, அங்கிருந்து காவிரிக்கு வடிகிறது. கிழக்குப் பகுதியின் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு வருகிறது. ஆனால் இரு பகுதிகளின் குழாயிலும் வருவது பெரும்பாலும் காவிரி. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படும் நீர். இப்படி ஒரு வடிநிலத்து நீர் இன்னொரு வடிநிலத்துக்குப் போவதை வடிநில மாற்றம் என்போம். கால்வாய் வெட்டி, கல்வெட்டு வைத்து, அமைச்சர் திறந்து வைக்கும் மாற்றங்களை எல்லோரும் அறிவார்கள். சாக்கடை வழியாக நடக்கும் மாற்றத்துக்குத் திறப்பு விழா கிடையாது.

இனி கணக்கு. காவிரியிலிருந்து 100 லிட்டர் பெங்களூருவுக்கு ஏறுகிறது. வழக்கமான கணிப்புப்படி 20 லிட்டர் இழப்பு, 80 லிட்டர் கழிவு. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரி வடிநிலத்தில் இருக்கிறது என்று காவிரி நடுவர் மன்றம் எடுத்துக்கொண்டது. தண்ணீர் நகரெங்கும் சமமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம், கழிவில் சுமார் 27 லிட்டர் காவிரிக்குத் திரும்பும். மீதி 53 லிட்டர் கிழக்கே இறங்கிவிடும். காவிரியின் ஏட்டில் இப்போது என்ன எழுத வேண்டும்? காற்றில் போன 20, தென்பெண்ணைக்குப் போன 53, ஆக 73 லிட்டர் இழப்பு. நகரத்தின் கணக்கில் 20 மட்டும் இழப்பு, ஆற்றின் கணக்கில் 73. ஒரே தண்ணீர், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டு விடைகள், இரண்டும் சரியானவை.

பெரிய அளவில் இதைப் போட்டுப் பார்க்கலாம். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் நான்காம் கட்டம் முடிந்த நிலையில் பெங்களூரு நாளுக்கு 145 கோடி லிட்டர் எடுத்தது. ஆண்டுக்கு அது சுமார் 18.7 டி.எம்.சி. அதில் 53 விழுக்காடு என்றால் நாளுக்கு 77 கோடி லிட்டர், ஆண்டுக்குச் சுமார் 10 டி.எம்.சி. சாத்தனூர் அணை முழுதாக நிறைந்தால் பிடிக்கும் அளவை விட இது அதிகம். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டு மேலும் 77.5 கோடி லிட்டருக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது.

இந்தப் பத்து டி.எம்.சி. அப்படியே சாத்தனூருக்கு வந்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். பாதி வழியில் இன்னொரு மாற்றம் நடக்கிறது. 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு இறைக்கிறார்கள், நாளுக்கு 44 கோடி லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் முழு அளவு. கோலார் மாவட்டத்தின் ஒரு பகுதி தென்பெண்ணையின் வடிநிலம், இன்னொரு பகுதி பாலாற்றின் வடிநிலம். காவிரியில் எடுத்த ஒரு குடம் நீர் பெங்களூருவில் புழங்கி, கோலாரில் ஓர் ஏரியில் ஊறி, பாலாற்றின் தலைமாட்டில் நிலத்தடி நீராக நிற்கக்கூடும். மூன்று ஆறுகளின் ஏட்டில் அந்தக் குடத்துக்குப் பதிவு வேண்டும்.

இருபது விழுக்காடு நீதிமன்றம் ஏறியபோது

இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல. 2007 பிப்ரவரியில் வந்த நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, பெங்களூருவின் தேவையைக் கணக்கிடும்போது மூன்று ஊகங்களை வைத்தது: நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரி வடிநிலம், தேவையில் பாதியை நிலத்தடி நீர் தரும், வீட்டு நீரில் 20 விழுக்காடு மட்டுமே உண்மையான இழப்பு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் முதல் இரண்டையும் ஏற்கவில்லை. நகரம் முழுவதற்கும் குடிநீர் வேண்டும் என்று கூறி 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தது. மற்ற மாற்றங்களோடு சேர்த்துக் கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூடியது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அளவு 192-இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆனது.

குடிநீரை வடிநில எல்லை பார்த்து மறுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தாகத்துக்கு நீர்ப்பிரிமேடு கிடையாது. ஆனால் 20 விழுக்காடு என்ற எண், எடுத்த ஆற்றுக்கே கழிவைத் திருப்பும் ஊருக்குத்தான் பொருந்தும். முதுகின் மறுபக்கம் வடியும் பகுதிக்கு அதைப் பொருத்தினால் காவிரியின் ஏட்டில் ஒரு பெரிய செலவு பதிவாகாமல் போகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நாள்தோறும் அளக்கும் நல்ல நீரில் அது குறைகிறது. கெலவரப்பள்ளியில் நுரையாக வந்து சேர்கிறது. கீழே உள்ள விவசாயி இரண்டு ஆற்றிலும் நட்டப்படுகிறார்.

சென்னை எந்த ஆற்றங்கரையில்?

செங்கத்தில் செய்யாறு சுமந்து போகும் நீருக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. பாலாற்று மணலில் ஊறி, காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஆற்றுப்படுகைக் கிணறுகளில் ஏறும் நீர் பல்லாவரம், தாம்பரம் போன்ற புறநகர்களுக்குப் போகிறது. அங்கே புழங்கியபின் பாலாற்றுக்குத் திரும்ப அதற்கு வழியில்லை. அடையாற்றுக்கோ பள்ளிக்கரணைச் சதுப்புக்கோ இறங்கி, கடலுக்குப் போய்விடும். செய்யாறு பிறக்கும் ஜவ்வாது மலையில் பெய்த மழை அடையாற்றின் முகத்துவாரத்தில் முடிகிறது.

சென்னைக்கு வரும் மற்ற நீரும் இதே வகைதான். ஆந்திரத்தின் கண்டலேறு அணை வழியாக 1996 முதல் வரும் கிருஷ்ணா நீருக்கு ஒப்பந்தம் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் வரும் நீர் காவிரி. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்ததும் மேட்டூரிலிருந்து ஏற்றிய காவிரிதான். ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சிகள் நாளெல்லாம் காட்டின. நாளுக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவது இலக்கு. ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு கோடி லிட்டர் சுமார் 74,000 பேருக்குக் காணும். அந்தக் கோடையில் வெட்டிக் குறைத்த பிறகும் நகரம் பெற்றுக்கொண்டிருந்தது நாளுக்கு 52 கோடி லிட்டருக்கு மேல். ரயில் கொண்டுவந்தது தவிப்பில் இருந்த தெருக்களுக்குப் பெரிய உதவி, நகரத்தின் ஏட்டில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு டி.எம்.சி.யை ரயிலில் நகர்த்த வேண்டுமானால் அதே வேகத்தில் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் ஓட வேண்டும்.

2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு டி.எம்.சி. போக நூறு நிமிடம் போதும். தென்பெண்ணையின் உபரியைச் சாத்தனூரிலிருந்து செய்யாறு வழியாகப் பாலாற்றுக்குக் கொண்டுபோகும் யோசனை நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. உபரி என்ற சொல்லை இந்த நூறு நிமிடத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஆண்டு மொத்தத்தில் பெரிய உபரி தெரியலாம். அது சில இரவுகளில் வந்து போய்விடும் நீராக இருந்தால், எந்தக் கால்வாயின் வாயும் அதைப் பிடிக்கும் அளவுக்கு அகலமாக இராது. மீதி மாதங்களில் கால்வாயில் விட என்ன இருக்கும், அதில் எவ்வளவு மழை, ஆற்றின் மேற்பகுதி ஊர்களின் கழிவு எவ்வளவு என்பதைப் பிரித்து அளந்த பிறகே திட்டத்தைப் பற்றிப் பேச முடியும்.

சாக்கடையை அளப்பது எப்படி?

பெரிய ஆறுகளுக்கு அரசின் அளவு நிலையங்கள் இருக்கின்றன. சிற்றூரின் கணக்கில் எப்போதும் விடுபட்டுப் போவது, ஊரைவிட்டு வெளியேறும் நீர். அதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர் குழு செய்யக்கூடிய வேலை இது.

ஊர்க் கழிவெல்லாம் சேர்ந்து வெளியேறும் கால்வாயில் நேரான பத்து மீட்டர் நீளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மேலே ஒரு காய்ந்த குச்சியை மிதக்கவிட்டு, பத்து மீட்டர் கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். 20 நொடி என்றால் வேகம் நொடிக்கு அரை மீட்டர். மேல்மட்ட நீர் அடிமட்டத்தை விட வேகமாக ஓடும், எனவே 0.85-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். கால்வாயில் நீரின் அகலம் 50 சென்டிமீட்டர், ஆழம் 6 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 12.75 லிட்டர், நாளுக்கு 11 லட்சம் லிட்டர். காலையில் எல்லோரும் குளிக்கும் நேரத்துக்கும் நடுநிசிக்கும் ஓட்டம் பெரிதும் மாறும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து சராசரி எடுப்பது அவசியம். மழை பெய்த நாளைத் தவிர்க்க வேண்டும். கழிவு நீரில் கை படாமல், கரையிலிருந்தே அளக்க வேண்டும்.

நம் 25,000 பேர் ஊரில் 17.5 லட்சம் லிட்டருக்கு 80 விழுக்காடு, அதாவது 14 லட்சம் லிட்டர் கால்வாயில் வர வேண்டும். வந்தது 11 லட்சம் என்றால் மீதி மூன்று லட்சம் செப்டிக் தொட்டிகளிலும் மண் வாய்க்கால்களிலும் ஊறி நிலத்தடிக்குப் போயிருக்கலாம். அப்படியானால் அருகிலுள்ள கிணற்று நீரில் நைட்ரேட் எவ்வளவு என்று சோதிப்பது அடுத்த வேலை. மாறாக 20 லட்சம் வந்தால், தொட்டி கொடுத்ததை விட அதிகமான நீர் ஊருக்குள் புழங்குகிறது. அது யாருடைய போரிலிருந்து, எந்த ஆழத்திலிருந்து, எத்தனை டேங்கர் லாரிகளில் வருகிறது என்று தெருத்தெருவாகக் கேட்டு எழுதத் தொடங்கலாம்.